வீடு என்னும் சொல்லும் கோ. நடேசய்யரும்

தமிழில் ‘வீடு’ என்னும் சொல் இருபொருள் தருவது. உறையும் இல்லம் ஒன்று. தளைகளினின்று பெறும் விடுதலை மற்றொன்று. ‘விடு’ என்னும் பகுதியினின்று பிறந்த சொல்லாதலின் இரண்டும் அதற்குப் பொருந்தும். மலைநாட்டு மாணவருக்கு இச்சொல்லைக் கற்பிக்குங்கால், ‘லயத்துக் காம்பிராவும் வீடுதானா?’ என்னும் வினா எழாதிருப்பதில்லை. அவ்வினாவுக்கு விடைதேட முனைந்த ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம்.

சுவீடன் நாட்டுச் சமூக சனநாயகத் தலைவர் பெர் ஆல்பின் ஹான்சன் 1885 இல் கொத்தனார் ஒருவரின் மகனாகப் பிறந்தார். பத்திரிகையாளராயிருந்து, 1932 இல் பிரதமரானார். நல்லதொரு வீட்டிலே செல்லப்பிள்ளையும் இல்லை, மாற்றாந்தாய்ப் பிள்ளையும் இல்லை. நாடும் அத்தகைய ‘மக்கள் இல்லம்’ ஆதல் வேண்டும் என்னும் கருத்தை அவர் 1928 இல் பாராளுமன்றத்தில் விளக்கினார்.

ஏறத்தாழ அதே காலத்தில், 1887 இல், தஞ்சையிற் பிறந்தவர் கோதண்டராம நடேசய்யர். அவரும் பத்திரிகையாளரே. இலங்கைக்கு வந்து ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ ஆகிய இதழ்களை நடத்தினார். கொழும்பிலே ஏ. ஈ. குணசிங்காவுடன் சேர்ந்து தொழிலாளர் இயக்கத்திற் பணியாற்றினார். 1925 இல் சட்டநிரூபண சபை உறுப்பினரானார்.

ஆயினும், அவரது உள்ளம் தோட்டங்களையே நாடிற்று. கங்காணியிடம் பட்ட கடனைக் குறித்த ‘துண்டு’ முறை 1921 இல் ஒழிந்தபோதிலும், கடன் ஒழிந்திலது. லயமோ தோட்டத்துக்குரிய சொத்து. அங்கே புறத்தார் புகுதல் அத்துமீறலாகக் கருதப்பட்டது. உறவினர் வருகைக்கும் துரையின் இசைவு வேண்டியிருந்தது. தன் வாயிலுக்கு வருவோரை ‘வருக’ என்றழைக்கும் உரிமையற்ற இடத்தை எவ்வாறு வீடென்பது?

நடேசய்யர் புடைவை வணிகராக வேடம்பூண்டு தோட்டங்களுட் புகுந்து தொழிலாளர் நிலையை நேரிற் கண்டார். கண்டவற்றை எழுதினார். சட்டங்களை எளிய தமிழில் விளக்கி நூல்களும் துண்டுப் பிரசுரங்களும் வெளியிட்டார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார், எழுத்தறியாதாரும் உணரும் வண்ணம் பாடல்களை இயற்றிப் பாடினார். கணவர் எழுத்து எட்டாத செவிகளை மனைவியார் இசை எட்டிற்று.

1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி, மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும், பெண்ணுக்கு 43 சதமும் 1929 இல் வகுக்கப்பட்டன. உலகப் பொருளாதார மந்தத்தால் அச்சிறு தொகையும் பின்னர்க் குறைக்கப்பட்டது. இந்நிலையில், 1931 இல் அட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நடேசய்யர் நிறுவினார். 1936 இல் அட்டன் தொகுதியினின்று அரசாங்க சபைக்குத் தெரிவாகி, 1947 வரை தொழிலாளர்க்காகக் குரல்கொடுத்தார்.

அவருடைய சங்கம் நிலைத்ததா எனின், இல்லை. 1939 இற்குப் பின் இலங்கை இந்தியன் காங்கிரஸின் தொழிற்சங்கம் பெருகிற்று. நடேசய்யர் செல்வாக்குத் தேய்ந்தது. 1947 இல் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் மலையக மக்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. ஹான்சன் கூறிய மாற்றாந்தாய்ப் பிள்ளையின் நிலை இதுவன்றி வேறியாது? எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேயே நிறைவேறிற்று.

ஹான்சன் ஓர் அரசை நடத்தினார். நடேசய்யருக்கு அவ்வாய்ப்பு இல்லை. எனினும், விளைவொன்றையே கொண்டு தொண்டினை அளத்தல் முறையன்று. பின்வந்தோர் நடந்த வழியிற் காடுவெட்டியவர் அவரே. சாரல்நாடன் அவர் வரலாற்றை எழுதியிராவிடின், அதனையும் நாம் மறந்திருப்போம்.

கல்லூரியின் பழைய மாணவர்காள்! நாம் பெற்ற கல்வி நம்முடைய இல்லத்தை உயர்த்தியது. அயலான் இல்லத்தையும் அது உயர்த்தியதா? இவ்விழா நாளில் இவ்வினாவை நம்மை நாமே கேட்போமாக. ‘வீடு’ என்னும் சொல்லின் இருபொருளும் ஒவ்வொரு தொழிலாளி வாயிலிலும் ஒருங்கே பொருந்தும் நாளே, நடேசய்யர் தொண்டு நிறைவெய்தும் நாளாகும்.