செவிவழி அறிவோம்: கல்வராயன் மலைப் பறவைகளும் ஒலிப்பதிவும்

பறவையை அறிதல் என்றால் கண்ணால் காண்டல் என்றே நாம் பெரும்பாலும் கருதுகிறோம். அடர்ந்த காட்டிலோ கண்ணுக்குப் புலப்படும் பறவைகளைவிடக் காதுக்குப் புலப்படுவனவே மிகுதி. ஆதலின், குரலைப் பதிவு செய்தல் பறவையியலில் ஒரு தனித்துறையாக வளர்ந்துள்ளது. அத்துறையில் தமிழ் மாணவர்க்கென்றே ஒரு பணி காத்திருக்கிறது. அது யாதெனக் கல்வராயன் மலையை முன்வைத்து இக்கட்டுரையில் காண்போம்.

மலையும் மக்களும்

2019ஆம் ஆண்டு தனி மாவட்டமாக மலர்ந்த கள்ளக்குறிச்சிக்கு மேற்கு எல்லையாக நிற்பது கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய இது, ஏறத்தாழ 1,095 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அடிவாரத்தில் முட்புதர்க் காடு, இடையில் இலையுதிர் காடு, மேலே ஊர்களும் வயல்களும் கொண்ட மேட்டுநிலம் என இதன் அமைப்பு படிப்படியாக மாறுகிறது. பறவைகளும் அவற்றின் குரல்களும் அதற்கேற்ப மாறுகின்றன.

இங்கு வாழும் பழங்குடியினர் 'மலையாளி' எனப்படுவர். கேரளத்து மலையாள மொழிக்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்வோர் என்னும் பொருள்பட அமைந்த இப்பெயருடைய இம்மக்கள் பேசுவது தமிழே. எனவே, அவர்கள் பறவைகளுக்கு இட்டு வழங்கும் பெயர்களும் தமிழின் உடைமையே ஆகும்.

ஒலிப்பதிவின் வரலாறு

1889ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் லுட்விக் கோக் என்னும் சிறுவர், மெழுகு உருளை ஒன்றில் தம் வளர்ப்புப் பறவையின் பாடலைப் பதிவு செய்தார். பறவைக் குரலின் முதல் ஒலிப்பதிவாக அறியப்படுவது இதுவே. அப்பறவை இந்தியக் காடுகளுக்கு உரிய சாமா என்பது நாம் மகிழத்தக்க செய்தி. தமிழில் அதற்குச் 'சோலைபாடி' என்று பெயர்.

1929ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார், காட்டுப் பறவைகளின் குரலைத் திரைப்படச் சுருளில் பதிந்தனர். அதே காலத்தில் வெர்னே அறிவியல் ஆய்வுக் குழுவினர், கல்வராயனுக்கு அண்டையிலுள்ள சேர்வராயன், சித்தேரி மலைகளில் பறவைகளைச் சேகரித்துக்கொண்டிருந்தனர். அவர்கள் திரட்டியவை பதப்படுத்திய உடல்கள், குரல்கள் அல்ல. அவ்வுடல்களை அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம். ஆனால் அன்று இம்மலைகளில் விடியற்காலை எவ்வாறு ஒலித்தது என்பதை இனி எவராலும் கேட்க இயலாது.

பெயரே முதல் பதிவு

கருவிகள் தோன்றுமுன் குரலைக் காத்தவை பெயர்களே. காக்கை, குயில், குக்குறுவான் என்பன அவ்வப் பறவையின் ஒலியையே தாங்கி நிற்கின்றன. ஆள் வரவைக் கத்தி அறிவிப்பதால் 'ஆட்காட்டி' எனப் பெயர் பெற்ற பறவையும் உண்டு.

ஒரே குரலை ஒவ்வொரு மொழியினரும் தத்தம் செவிக்கேற்பக் கேட்கின்றனர். நாம் 'அக்காக்குயில்' என்பதன் குரல், ஆங்கிலேயர் காதில் மூளைக்காய்ச்சல் என்னும் பொருள்தரும் அவர்தம் சொல்லாக விழுந்தது. இந்தி பேசுவோர்க்கு 'என் அன்பர் எங்கே' என்னும் வினவலாகவும், மராத்தியர்க்கு 'மழை வந்தது' என்னும் செய்தியாகவும் ஒலித்தது. எனவே, குரலைக் கருவியும் பெயரை மொழியும் காத்தல் வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

இதனை நாம் பட்டறிந்தே உணர்ந்தோம். மாணவர் சிலருடன் கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக வெள்ளிமலைக்குச் சென்றபோது, புதருள் மறைந்திருந்த பறவை ஒன்றின் குரலைச் செல்பேசியில் பதிவு செய்தோம். அது இன்னதென எமக்கு விளங்கவில்லை. விறகுடன் அவ்வழியே வந்த மூதாட்டி ஒருவர் கேட்ட மாத்திரத்தில் அதன் பெயரைக் கூறினார். அது கத்தும் பருவத்தையும் சொன்னார். அதற்குள் நாம் கருவியை நிறுத்திவிட்டோம். கல்லூரிக்குத் திரும்பிக் குறிப்பேடுகளைப் புரட்டியபோது, மூன்று மாணவர் அப்பெயரை மூன்று விதமாக எழுதியிருந்தனர். பறவையின் குரல் எம்மிடம் உள்ளது, பெயர் இல்லை. பிழை எம்முடையதே.

பதிவு செய்யும் முறை

1. விடியலை ஒட்டிய இரண்டு மணி நேரமே சிறந்தது. அப்பொழுது காற்றும் வண்டியோசையும் குறைவு.
2. தொடக்கத்திற்குச் செல்பேசியே போதும். ஒலியைச் சுருக்காத கோப்பாகச் சேமித்தல் நலம்.
3. பறவை கத்தி ஓய்ந்ததும் நாள், நேரம், இடம், மரம் அல்லது புதரின் தன்மை ஆகியவற்றை நம் குரலிலேயே கூறிப் பதிய வேண்டும்.
4. ஊர்ப் பெரியவரிடம் இசைவு பெற்று, அவர் கூறும் பெயரை அவர் வாய்மொழியாகவே அப்பதிவுடன் சேர்த்தல் வேண்டும்.
5. பதிந்த குரலை மீண்டும் ஒலிக்கச் செய்து பறவையை வரவழைத்தல் கூடாது. தன் எல்லைக்குள் வேறொரு பறவை புகுந்ததென எண்ணி அது அலைக்கழியும்.
6. காப்புக் காட்டினுள் செல்ல வனத்துறையின் முன் அனுமதி இன்றியமையாதது.

நிறைவுரை

பறவைகளின் மொழி நபி சுலைமான் (அலை) அவர்களுக்கு அருளப்பட்டதைத் திருக்குர்ஆனின் 27ஆம் அத்தியாயம் கூறுகிறது. அவர்கள் பறவைகளைப் பார்வையிட்டபோது ஹுத்ஹுத் என்னும் ஒரு பறவை அங்கு இல்லாமையை உடனே கண்டுகொண்டார்கள். அதுவே நம் வயல்வெளிகளில் உலவும் கொண்டலாத்தி. அத்தனை பறவைகளுக்கிடையே வராத ஒன்றை அறிந்தமை நம் சிந்தனைக்குரியது. இருப்பவற்றைப் பெயர் சொல்லி அறிந்தவரே இல்லாததை அறிய முடியும்.

கல்வராயன் மலையில் நாளை ஒரு குரல் ஓய்ந்துபோனால், ஓய்ந்தது எது என்று சொல்ல நம்மிடம் பதிவு வேண்டும். அதனை அழைக்க ஒரு தமிழ்ப் பெயரும் வேண்டும். பெயரறிந்த முதியோர் இன்னும் அம்மலையில் வாழ்கின்றனர். அடுத்த விடுமுறையில் கருவியோடு செல்லும் மாணவர், பறவை ஓய்ந்ததும் கருவியை நிறுத்திவிடாது, அருகில் நிற்கும் பெரியவர் பேசி முடிக்கும்வரை காத்திருப்பாராக.