கசிவின் மூலம்

வயதான மோட்டார் வண்டியை வைத்துப் பராமரிப்பவர்களுக்கு எண்ணெய்க் கசிவு என்பது அதிர்ச்சி தரும் செய்தியன்று. அது எங்கிருந்து வருகிறது என்ற கேள்விதான் சிரமம் தருவது. என்னிடமுள்ள டீசல் எஸ்.யூ.வி. இருபது வயதை நெருங்கிக்கொண்டிருக்கிறது. ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வால்பாறைக்கு ஏறும் மலைப்பாதையில் நெடுநாள் உழைத்த வண்டியாகையால், அதன் பவர் ஸ்டீயரிங் ஹோஸ் தளர்ந்து கசியத் தொடங்கியதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அதை என் கையாலேயே மாற்றியபோது நான் அறிந்துகொண்டது, ஸ்பேனரைப் பிடித்துச் செய்யும் வேலை இதில் சொற்பம் என்பதும், அதற்கு முன்னே கசிவின் மூலத்தைத் தேடுவதிலும், அதற்குப் பின்னே உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றுவதிலும் காட்டும் நிதானமே காரியத்தைப் பூர்த்தி செய்கிறது என்பதுமாகும்.

யந்திரத்தின் போக்கை அறிந்துகொண்டு கை வைப்பது உத்தமம். அமெரிக்காவில் பியர்ஸ் ஆரோ மோட்டார் நிறுவனத்தில் பணியாற்றிய பிரான்சிஸ் டேவிஸ் என்ற பொறியாளர் 1920களில் உருவாக்கிய பவர் ஸ்டீயரிங் ஏற்பாடு, 1951இல் கிரைஸ்லர் இம்பீரியல் காரில்தான் முதன்முதலாகப் பொதுமக்கள் வாங்கும் வண்டிக்கு வந்து சேர்ந்தது. என்ஜினின் பெல்ட் ஒரு பம்பைச் சுழற்றுகிறது. பம்ப் ஒரு டப்பாவிலுள்ள எண்ணெயை அழுத்தி ஸ்டீயரிங் பெட்டிக்கு அனுப்புகிறது. நாம் ஸ்டீயரிங் வளையத்தைத் திருப்பும் திசைக்கேற்ப ஒரு வால்வு அந்த அழுத்தத்தைப் பிஸ்டனின் ஒரு பக்கமாகச் செலுத்திச் சக்கரங்களைத் திருப்ப உதவுகிறது. வேலை முடித்த எண்ணெய் டப்பாவுக்குத் திரும்புகிறது. ஆகவே முக்கியமான ஹோஸ்கள் இரண்டு. போகிற ஹோஸில் சக்கரம் முழுதும் திரும்பி நிற்கும் சமயத்தில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 1000 பவுண்டுக்கு மேலே செல்லும். டயரில் நாம் அடைக்கும் காற்று 30, 35 பவுண்டுதான் என்பதை நினைத்தால் அந்த ஹோஸ் தாங்கும் பாரம் விளங்கும். திரும்புகிற ஹோஸிலோ அழுத்தம் மிகச் சொற்பம். அது சாதாரணக் கிளாம்பினாலேயே பிடிபட்டிருக்கும்.

எண்ணெய் குறைந்தால் முதலில் தெரிவது சத்தம். காலையில் வண்டியை எடுத்து, நின்ற இடத்திலேயே வளையத்தைத் திருப்பும்போது பம்ப் முனகும். பிறகு டப்பாவில் நுரை காணும். இன்னும் குறைந்தால் வளையம் விட்டுவிட்டுக் கனக்கும். உதவி அற்றுப்போனாலும் ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் உள்ள நேர்த் தொடர்பு அறுவதில்லை. வண்டி திரும்பும், தோள்தான் வலிக்கும். ஆயினும் மலையிறக்கத்து வளைவில் அந்தக் கனம் எதிர்பாராமல் வந்து சேர்வது விபரீதம். அதனினும் பெரிய அபாயம், சிந்தும் எண்ணெய் சூடான எக்ஸாஸ்ட் குழாயின் மேல் பட்டுத் தீப்பிடிக்கக்கூடும் என்பது. எனவே எண்ணெயை ஊற்றி ஊற்றி ஓட்டிவிடலாம் என்ற யோசனைக்கு நான் என்றும் சம்மதிப்பதில்லை.

இனி மூலத்தைத் தேடுவது. வண்டிக்கடியில் ஸ்டீயரிங் பெட்டி நனைந்திருப்பதைக் கண்டவுடன் பெட்டியையே மாற்றவேண்டும் என்று சொல்வோர் உண்டு, அது பெருஞ்செலவு. எங்கள் ஊர்ப் பட்டறையில் முதிய மெக்கானிக் ஒருவர் என்னிடம் சொன்ன வார்த்தை இவ்விஷயத்தில் சாஸ்திரமாகக் கொள்ளத்தக்கது: “எண்ணெ மேல இருந்துதானுங்க கீழ வரும். நனைஞ்ச எடத்தை உடுங்க, அதுக்கு ஒசக்க என்ன இருக்குதுன்னு பாருங்க.” அதன்படி, பம்பிலிருந்து பெட்டி வரை எல்லாவற்றையும் டிகிரீசர் கொண்டு கழுவி, நன்றாக உலரவிட்டு, சந்தேகமான இணைப்புகளின் மேல் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவிவிட்டு, என்ஜினை ஓடவிட்டு, ஒருவரை உட்காரவைத்து வளையத்தை இருபுறமும் திருப்பச் சொல்லிக் கவனித்தால், ஈரம் முதலில் தோன்றும் இடம் தானே காட்டிக்கொடுக்கும். என் வண்டியில் அது, போகிற ஹோஸின் ரப்பரும் இரும்புக் குழலும் சேரும் பிரஸ் செய்த இடமாக இருந்தது. என்ஜினின் சூடும், என்ஜின் ஆடும்போதெல்லாம் ரப்பர் வளைந்து நிமிர்வதும் சேர்ந்து இறுகச் செய்து வெடிக்க வைப்பது பெரும்பாலும் அந்த இடத்தைத்தான். பெட்டியின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் உறைக்குள் எண்ணெய் தேங்கியிருந்தால் குற்றம் பெட்டியின் சீலில் என்று கொள்ளலாம். கசிவைத் தேடும்போது என்ஜின் ஓடுகையில் விரலால் தடவிப் பார்ப்பது கூடவே கூடாது. ஊசித்துவாரத்தின் வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே அறுவைச் சிகிச்சை வேண்டியிருக்கும். ஓர் அட்டைத்துண்டை நீட்டிப் பார்ப்பதே முறை.

ஹோஸ் வாங்குவதில் ஒரு சூட்சுமம் உண்டு. மண்வாரும் யந்திரங்களுக்கு ஹைட்ராலிக் ஹோஸ் பிரஸ் செய்து தரும் கடைகளில், பழைய முனைகளை வைத்தே குறைந்த விலைக்குப் புதிது செய்து தருவார்கள். அழுத்தத்தைத் தாங்குவதில் அது குறைந்ததன்று. ஆனால் காருக்கென்று செய்யப்படும் ஹோஸ் அழுத்தத்துக்கேற்பச் சிறிது விரிந்து சுருங்கி, பம்பின் துடிப்பை விழுங்கும்படி வகுக்கப்பட்டது. சிலவற்றில் அதற்கென்றே உள்ளே ஒரு சிறு குழலும் இருக்கும். விரியாத ஹோஸைப் போட்டால் வளையத்திலேயே ஒரு ரீங்காரம் வந்து குடியேறும். கிடைக்கும் வரையில் அந்த வண்டிக்குரிய ஹோஸையே வாங்குவது என் அபிப்பிராயம். திரும்புகிற ஹோஸுக்கு ரேடியேட்டர் ஹோஸை வெட்டிப் போடுவதும் தவறு. தண்ணீருக்கென்று செய்த ரப்பர் எண்ணெயில் ஊறி உப்பிவிடும்.

கழற்றும் வேலைக்கு என்ஜின் ஆறியிருக்கவேண்டும். முன்புறத்தை ஜாக்கியால் தூக்கியபின் ஸ்டாண்டு வைக்காமல் அடியில் நுழையலாகாது. டப்பாவிலுள்ள எண்ணெயைப் பெரிய சிரிஞ்சால் உறிஞ்சிவிட்டு, ஆல்டர்னேட்டரைப் பிளாஸ்டிக் தாளால் மூடி, ஹோஸ் போகும் வழியைப் போனில் படம் எடுத்துவைத்த பிறகே நட்டில் கை வைக்கவேண்டும். துருவேறிய நட்டைச் சாதாரண ஸ்பேனர் இரு பக்கத்தில் மட்டும் பற்றி முனையை மழுக்கிவிடும். ஏறக்குறைய எல்லாப் பக்கத்தையும் அணைத்துப் பிடிக்கும் ஃப்ளேர் நட் ஸ்பேனர், துரு இளக்கும் எண்ணெயோடு சேர்ந்து, அந்த விபத்தைத் தவிர்க்கும். பூட்டும்போது செம்பு வாஷர்களையும் ஓ-ரிங்கையும் புதிதாகவே போடவேண்டும். இரு முனையையும் விரலாலேயே பல சுற்றுத் திருகி, ஹோஸ் முறுக்கேறாமலும் எக்ஸாஸ்டைத் தொடாமலும் கிடக்கிறதா என்று பார்த்து, அதற்குரிய கிளிப்புகளை மாட்டிய பின்னரே இறுக்கவேண்டும். இந்த இணைப்புகளில் டெஃப்லான் டேப் சுற்றுவதால் பிரயோஜனமில்லை; அதன் பிசிறு உள்ளே போய் வால்வை அடைக்கும்.

எண்ணெய் எதுவென்பதை டப்பாவின் மூடியோ வண்டிக் கையேடோ சொல்லும். பழைய வண்டிகள் பலவற்றுக்கு, தானியங்கிக் கியர்ப் பெட்டிக்கென்று செய்த சிவப்பு ஏ.டி.எஃப். எண்ணெய். அவசரத்துக்கென்று பிரேக் ஆயிலை ஊற்றினால் சீல்கள் அனைத்தும் கெடும். நிரப்பியவுடன் என்ஜினை ஓட்டிவிடுவதுதான் பலரும் செய்யும் பிழை. முன் சக்கரங்கள் தரையைத் தொடாதபடி இருக்க, என்ஜினை ஓட்டாமலே வளையத்தை இக்கோடியிலிருந்து அக்கோடிக்கு மெல்ல மெல்ல 15, 20 தடவை திருப்பி, டப்பாவில் மட்டம் இறங்க இறங்க ஊற்றி, குமிழி வருவது நின்ற பிறகே என்ஜினை ஓடவிடவேண்டும். அப்போதும் எண்ணெய் மோர் கடைந்ததுபோல் வெளுத்து நுரைத்தால், நிறுத்தி அது அடங்கும்வரை காத்திருந்து மறுபடி திருப்புவதே வழி. கோடியில் வளையத்தைச் சில விநாடிக்கு மேல் இழுத்துப் பிடித்திருந்தால் எண்ணெய் மிகச் சூடேறிப் பம்ப் சேதமடையக்கூடும். இது தினசரி ஓட்டுதலுக்கும் பொருந்தும். பழைய எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாமல், கழிவு ஆயில் எடுக்கும் பட்டறையில் சேர்ப்பிப்பது நம் கடமை.

சில நாள் ஓட்டியபின் இணைப்புகளை உலர்ந்த துணியால் துடைத்துப் பார்த்து, துணி நனையவில்லையென்றால் வேலை முடிந்ததென்று கொள்ளலாம். இந்த ஏற்பாட்டில் எண்ணெய் செலவாகித் தீரும் பொருளன்று. மட்டம் குறைகிறதென்றால் எங்கோ கசிகிறது என்பதே அர்த்தம். பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்கள் மாதம் ஒருமுறை அந்த டப்பாவைத் திறந்து பார்ப்பார்களாக. ஹோஸின் விலையோடு போகவேண்டிய செலவு பம்பும் பெட்டியுமாக வளர்வது, பெரும்பாலும் அந்த ஒரு நிமிஷப் பார்வை இல்லாததனால்தான்.