ரப்பர் படகு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

காற்றடைத்து மிதக்கவிடும் சிறு படகு மடித்து வைத்தால் ஒரு மூட்டைதான். பம்ப் அடித்தால் கால் மணி நேரத்தில் இரண்டு மூன்று பேர் உட்காரும் கலமாகிவிடும். கார் டிக்கியிலும் கேரவனின் சாமான் அறையிலும் அடங்குவதால், ஊர் ஊராகப் போய்க் கூடாரமடித்துத் தங்குகிறவர்கள் அதை விரும்புகிறார்கள். விழுப்புரம் மாவட்டத்துக்கு ரப்பர் படகு வேறு வகையிலும் அறிமுகமானது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 51 செ.மீ. மழை கொட்டியது. வெள்ளம் சூழ்ந்த இடங்களிலிருந்து மக்களை மீட்பவர்கள் இத்தகைய படகுகளோடுதான் வந்தார்கள். கடையில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் படகும் மீட்புப் படகும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால், இரண்டையும் பற்றிய எண்ணங்கள் கலந்துவிட்டன.

நம்பிக்கை: காற்றுப் படகு குழந்தை விளையாட்டுச் சாமான். ஒரு முள் குத்தினால் மூழ்கிவிடும்.

1952-ல் அலேன் பொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் நாலரை மீட்டர் நீளமுள்ள காற்றுப் படகில் கேனரித் தீவுகளிலிருந்து புறப்பட்டு, 65 நாளில் அட்லாண்டிக்கைக் கடந்து பார்படோசில் கரை சேர்ந்தார். படகு தாங்குமா தாங்காதா என்பதைத் தீர்மானிப்பது அது எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்பதுதான். நல்ல படகின் குழாய் ஒரே பையாக இருக்காது. உள்ளே தடுப்பு வைத்து இரண்டு மூன்று தனி அறைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி வால்வு வைத்திருப்பார்கள். ஒன்று ஓட்டையானாலும் மற்றவை கரைவரை தாங்கும். அதன் மேற்பரப்பு பாலியஸ்டர் வலையை நடுவில் வைத்து இருபுறமும் பிவிசி பூசிய, கிட்டத்தட்ட 0.9 மி.மீ. தடிமனுள்ள துணி. விளையாட்டுப் படகின் வலையில்லாத வினைல் தாள் இதில் பாதிகூட வராது. அதன் மீது இந்த நம்பிக்கை சொல்லும் குறை முழுக்க உண்மை.

முள்ளைப் பற்றிய பயம் இந்தப் பக்கத்தில் நியாயமானதும்கூட. விழுப்புரம், திண்டிவனம் வட்டார ஏரிகளின் கரையிலும் வற்றிய காலத்தில் உள்வாயிலும் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கும். மழைக்குப் பிறகு ஏரி நிரம்பும்போது அந்தப் புதர்கள் நீருக்கடியில் போய்விடும், முள் மட்டும் அப்படியே நிற்கும். படகைத் தரையில் இழுக்காமல் தூக்கிச் செல்வதும், சுத்தமான துறையில் இறக்குவதும், மரம் தலைநீட்டும் பகுதியை விட்டு விலகித் துடுப்புப் போடுவதும் எந்த உறுதியான துணியையும்விடப் பெரிய பாதுகாப்பு.

நம்பிக்கை: பெட்டியில் "4 பேர்" என்று போட்டிருந்தால் நாலு பேர் ஏறலாம்.

அந்த எண்ணிக்கை அலையில்லாத நீரில், நெருக்கியடித்து உட்கார்ந்து, சாமான் எதுவும் இல்லாமல் போட்ட கணக்கு. பார்க்க வேண்டியது கிலோ கணக்கில் தரப்பட்டிருக்கும் மொத்தச் சுமை. துடுப்பு, தண்ணீர்க் கேன், சாப்பாட்டுப் பை, பேட்டரி எல்லாம் அதில் சேரும். அதில் பாதியை நெருங்கியதும் நிறுத்திக்கொள்வது அனுபவமுள்ளவர்களின் வழக்கம். நாலு பேர் படகு இருவருக்குச் சௌகரியம்.

நம்பிக்கை: எவ்வளவு விறைப்பாகக் காற்றடிக்கிறோமோ அவ்வளவு நல்லது. பஞ்சர் கடையில் காற்றுப் பிடித்தால் வேலை சீக்கிரம் முடியும்.

நெடுஞ்சாலையோரப் பஞ்சர் கடையின் கம்ப்ரசர் கார் டயருக்கு 30 பிஎஸ்ஐக்கு மேல் அடிப்பதற்கானது. நல்ல காற்றுப் படகின் குழாய்க்கு வேண்டியது ஏறக்குறைய 3 பிஎஸ்ஐ. விளையாட்டுப் படகுக்கு அதைவிடவும் மிகக் குறைவு. கம்ப்ரசரின் குழாயைச் சில நொடி கூடுதலாகப் பிடித்தாலே ஒட்டுப் பிரிந்துவிடும். படகோடு வரும் கால் பம்போ, அளவு வைத்தால் தானே நிற்கும் 12 வோல்ட் பம்போதான் சரி.

வெயில் இதைவிட நுட்பமான ஆபத்து. காலை 28 டிகிரியில் 3 பிஎஸ்ஐ அடித்த படகைக் கரையில் போட்டுவிட்டுச் சமையலுக்குப் போனால், கருநிறக் குழாய் சித்திரை வெயிலில் 58 டிகிரி வரை சூடேறக்கூடும். வளிமண்டல அழுத்தம் 14.7-ஐயும் சேர்த்தால் உள்ளிருக்கும் மொத்த அழுத்தம் 17.7. முப்பது டிகிரி ஏறினால் அது பத்தில் ஒரு பங்கு கூடி 19.5 ஆகும். அதாவது அளவுமானியில் 3 காட்டியது 4.8-ஐத் தொடும். துணி கொஞ்சம் விரிந்து கொடுப்பதால் இதில் சிறிது குறையலாம், ஆனாலும் ஒட்டுகளுக்கு இது பெரும் சுமை. கரையேற்றியதும் சற்றுக் காற்றை இறக்கிவிட்டு, படகை நிழலுக்குக் கொண்டுபோக வேண்டும். மறுபக்கமும் உண்டு. வெயிலில் விறைப்பாக அடித்த படகு குளிர்ந்த நீரில் இறங்கியதும் தளரும். ஓட்டை என்று பதறத் தேவையில்லை. மறுபடி நாலு அடி பம்ப் அடித்தால் போதும்.

நம்பிக்கை: ஓட்டை விழுந்தால் சைக்கிள் கடை சொல்யூஷன் போதும்.

அந்தப் பசை ரப்பர் டியூபுக்கானது. பிவிசியிலும் வினைலிலும் அது பிடித்ததுபோல் தோன்றி, நனைந்ததும் உரிந்து வந்துவிடும். பிவிசிக்கு அதற்கென உள்ள பசையும் அதே துணித் துண்டும் வேண்டும். ஒட்டிய பிறகு ஒரு நாளாவது காயவிட்டுத்தான் காற்றடிக்க வேண்டும். மரக்காணம் பக்கத்து உப்பங்கழியில் ஓட்டிய படகை நல்ல தண்ணீரில் கழுவாமல் மடித்தால், காய்ந்த உப்புத்துகள் மடிப்புகளை அராவும். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும். மூட்டையை எலி எட்டாத இடத்தில் வைப்பது அவசியம்.

நம்பிக்கை: ஏரித் தண்ணீர் இடுப்பளவுதான். லைஃப் ஜாக்கெட் எதற்கு?

உயிரிழப்புக்கு வழிவிடும் எண்ணம் இதுதான். ஏரியின் ஆழம் சீராக இருக்காது. வண்டல் மண் வெட்டிய குழிகள் நிரம்பியபின் வெளியே தெரியாது. முழங்கால் ஆழத்தில் நடப்பவர் அடுத்த அடியில் தலைக்கு மேல் தண்ணீரில் இருப்பார். அடிச்சேறு காலைப் பிடித்துக்கொள்ளும். அல்லிக்கொடியும் ஆகாயத்தாமரையும் நீச்சல் தெரிந்தவரையும் சுற்றிவிடும். மதகு திறந்திருந்தால் அதன் வாயருகே நீர் கீழ்நோக்கி இழுக்கும். மேலே பார்த்தால் சலனமே தெரியாது. ஏரி நிரம்பிக் கலிங்கல் வழியும் நாளில் அந்தப் பக்கம் படகு போகவே கூடாது.

லாரி டியூபும் வெற்றுக் கேனும் லைஃப் ஜாக்கெட்டுக்கு ஈடாகா. அவை கையில் பிடித்திருக்கும்வரைதான் உதவும். 100 நியூட்டன் மிதப்புத் திறனுள்ள ஜாக்கெட் முகத்தை நீருக்கு மேல் நிறுத்தும் நோக்கத்தோடு செய்யப்படுவது. 50 நியூட்டன் உள்ளது நீச்சல் தெரிந்தவர்களுக்கு மட்டுமே. குழந்தைக்குப் பெரியவர்களின் ஜாக்கெட்டைப் போட்டால் குழந்தை அதிலிருந்து நழுவிவிடும். அளவு பார்த்துத் தனியாக வாங்க வேண்டும்.

நம்பிக்கை: நீர்நிலை பொதுச் சொத்து, எங்கு வேண்டுமானாலும் படகை இறக்கலாம்.

திண்டிவனத்துக்கு அருகே சங்கராபரணியைத் தடுத்து நிற்கும் வீடூர் அணை நீர்வளத்துறையின் பொறுப்பில் உள்ளது. பெரிய ஏரிகளும் அப்படியே. அனுமதி கேட்காமல் இறங்குவது முறையல்ல. கழுவெளியில் விஷயம் இன்னும் கண்டிப்பானது. வானூர், மரக்காணம் வட்டங்களில் 5,100 ஹெக்டேருக்கு மேல் பரந்த அந்த உவர்நீர் ஏரி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது; 2024 ஆகஸ்டில் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. சரணாலயத்தில் நுழைவதை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972 கட்டுப்படுத்துகிறது. மழைக்காலத்தில் நிரம்பிக் கோடையில் பெருமளவு வற்றும் நீர் அது. வலசைப் பறவைகள் ஆயிரக்கணக்கில் இரை தேடும் மாதங்களில்தான் படகு ஓட்டும் அளவுக்குத் தண்ணீரும் நிற்கும். அங்கே ஒரு படகு போனால் கூட்டம் முழுதும் எழும்பிப் பறக்கும். பறவையைக் கரையிலிருந்து பார்ப்பதே அழகு.

மரக்காணம் கடற்கரை இந்தப் படகுக்கு உகந்த இடமே இல்லை. எடை குறைந்து, நீருக்கு மேல் உயர்ந்து நிற்பதால் காற்று அதை எளிதாகத் தள்ளும். தரையிலிருந்து கடல்நோக்கி மேல்காற்று வீசும் காலையில் கரையோரம் அமைதியாகத் தெரியும். சற்று உள்ளே போனபின் திரும்பத் துடுப்புப் போட்டு வர முடியாது.

நம்பிக்கை: வீட்டில் ஒரு படகு இருந்தால் வெள்ளத்துக்கு உதவும்.

ஃபெஞ்சலுக்குப் பின் இந்த எண்ணம் பலருக்கும் வந்திருப்பது இயல்பு. அந்த டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் நொடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட்டது. ஆறு பெருகி அரசூர் அருகே சென்னை-திருச்சி நெடுஞ்சாலையிலேயே போக்குவரத்து நின்றது. துடுப்புப் போடும் ஒருவரால் காற்றுப் படகை நொடிக்கு ஒரு மீட்டர் அளவுக்குத்தான் செலுத்த முடியும். வெள்ளநீர் இரண்டு மூன்று மீட்டர் ஓடும். வேகம் மூன்று மடங்கானால் நீரின் தள்ளுவிசை ஒன்பது மடங்காகும். நீருக்கடியில் முள்வேலியும், அறுந்த மின்கம்பியும், சுற்றுச்சுவர் இல்லாத தரைமட்டக் கிணறுகளும் மறைந்திருக்கும். அரக்கோணத்தில் தளம் கொண்ட தேசிய பேரிடர் மீட்புப் படையினர் கொண்டுவருவது தடித்த துணியும் பல அறைகளும் வெளிப்பொருத்து மோட்டாரும் உள்ள படகு. அதைவிட முக்கியமாக, ஓடும் நீரில் பழகிய கைகள் அவர்களுடையவை.

சிறு காற்றுப் படகு நிற்கும் நீரில், கரையைவிட்டு விலகாமல், பகல் வெளிச்சத்தில் ஓட்டுவதற்கானது. அங்கே அது நம்பத்தக்க கலம். வெள்ளம் வீட்டைச் சூழ்ந்தால் அதை வெளியே எடுக்காதீர்கள். உயரமான இடத்துக்குப் போய், மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077 என்ற எண்ணிலும் மாநிலக் கட்டுப்பாட்டு அறையை 1070 என்ற எண்ணிலும் அழையுங்கள்.