தட்டையான பின்தலை: எதற்குச் செலவு, எதற்குச் செலவில்லை



கைக்குழந்தையின் தலை ஒரு பக்கம் தட்டையாகிவிட்டதென்று கலங்கி வரும் தாய்மார் அநேகர். "மூளை அமுங்கிவிடுமா டாக்டர்? ஆபரேஷன் வேண்டுமா? எவ்வளவு செலவாகும்?" என்ற மூன்று கேள்விகளும் ஒரே மூச்சில் வரும். வெளிநாட்டிலிருக்கும் உறவினர் அனுப்பிய படத்தில் ஹெல்மெட் அணிந்த குழந்தையைப் பார்த்துவிட்டு, ஏழைக் குழந்தைகளுக்கும் அதை வாங்கிக் கொடுக்கக் காணிக்கை அனுப்பலாமா என்று கேட்பவர்களும் உண்டு. நல்ல மனதோடு கேட்கப்படும் கேள்வி இது. ஆகவே சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

பிறந்த குழந்தையின் மண்டையோடு ஒரே எலும்பல்ல. பல எலும்புத் தகடுகள் மெல்லிய இணைப்புகளால் சேர்ந்திருக்கின்றன. மூளை வேகமாய் வளரும் அந்த மாதங்களில் இவை இளகி இடம் கொடுக்கின்றன. குழந்தை எப்போதும் ஒரே பக்கமாய்த் தலையைச் சாய்த்துப் படுத்தால் அந்த இடம் தட்டையாகிறது. மூளை அமுங்குவதில்லை, இடம் கிடைக்கும் பக்கமாய் வளர்ந்துகொள்கிறது. தட்டைத்தலையுள்ள சில குழந்தைகள் கழுத்து நிற்பதிலும் புரளுவதிலும் பின்தங்கியிருப்பது உண்மைதான். ஆனால் அசைவு குறைந்த குழந்தைக்கே தலை தட்டையாகும் வாய்ப்பு அதிகம் என்பதையும் மறக்கக்கூடாது.

1992-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், சிசுக்களைக் குப்புறத் தூங்க வைக்க வேண்டாமென்று அறிவுறுத்தியது. 1994-இல் அது நாடு தழுவிய பிரச்சாரமாயிற்று. தூக்கத்திலேயே திடீரென இறந்துபோகும் சிசுக்களின் எண்ணிக்கை அடுத்த சில ஆண்டுகளில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. அதன் பக்கவிளைவாய்ப் பெருகியதுதான் தட்டைத்தலை. 2013-இல் வெளியான கனடாவின் கால்கரி நகர ஆய்வில், 7 முதல் 12 வாரக் குழந்தைகள் 440 பேரில் 205 பேருக்கு ஏதோ ஓரளவு தட்டை இருந்தது. பெரும்பாலும் இலேசானதுதான். தலையின் உருண்டைக்காகக் குழந்தையை மீண்டும் குப்புறத் தூங்க வைப்பது தகாது.

இனி கண்டறியும் செலவு. குழந்தையை மடியில் உட்கார வைத்து, தலையை நேர் மேலிருந்து பார்த்தாலே பெரும்பாலும் போதும். படுக்கையால் வந்த தட்டையானால், தட்டையான பக்கத்துக் காது முன்னே தள்ளியிருக்கும். அதே பக்கத்து நெற்றியும் சற்றுப் புடைத்திருக்கும். எலும்பு இணைப்பு முன்கூட்டியே மூடிக்கொண்டதனால் பின்தலை தட்டையாகியிருந்தால், அந்தப் பக்கத்துக் காது பின்னால் இழுபட்டிருக்கும். காதின் பின்னே ஒரு புடைப்பும், மூடிய இணைப்பின்மேல் மேடும் விரலுக்குத் தட்டுப்படலாம். இதற்கு வேண்டியது பழகிய கண்ணும் பத்து நிமிட நேரமுமே. 2016-இல் அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர்கள் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது: பரிசோதனையிலேயே முடிவு செய்யலாம், சந்தேகமிருந்தால் எக்ஸ்ரே அல்லது அல்ட்ராசவுண்ட், சி.டி. ஸ்கேன் கடைசியில்தான். எடுத்த எடுப்பில் ஸ்கேனுக்கு அனுப்புவது, கடன் வாங்கி வந்த தகப்பனுக்கு வீண் சுமை. குழந்தைக்கு வீண் கதிர்வீச்சு.

ஆனால் ஒரு இடத்தில் சிக்கனம் கூடாது. மண்டையோட்டு இணைப்பு ஏதாவதொன்று காலத்துக்கு முந்தி மூடிக்கொள்ளும் கிரேனியோசினோஸ்டோசிஸ் என்னும் நோய், ஏறக்குறைய 2,000 முதல் 2,500 பிறப்புகளில் ஒன்றுக்கு வருகிறது. அதற்குப் பொதுவாக அறுவை சிகிச்சை தேவை. முதல் சில மாதங்களிலேயே கண்டுபிடித்தால், வசதியுள்ள இடங்களில் சிறு கீறல் வழியே எண்டோஸ்கோப் கொண்டு செய்யலாம். தாமதமானால் பெரிய ஆபரேஷன், அதிக இரத்தம், அதிக நாள் தீவிர சிகிச்சை. "வளர வளரச் சரியாகிவிடும்" என்று பார்க்காமலே திருப்பி அனுப்புவதால் வரும் செலவு இது.

சாதாரணத் தட்டைத்தலைக்குச் சிகிச்சையோ மலிவானது. பல குழந்தைகளுக்கு ஒரு பக்கக் கழுத்துத் தசை இறுகியிருக்கும். அதனால் தலை எப்போதும் ஒரே பக்கம் திரும்பும். பிசியோதெரபிஸ்ட் தாய்க்குக் கழுத்துப் பயிற்சிகளைக் கற்றுக்கொடுத்தால், அவளே வீட்டில் செய்துவிடுவாள். விழித்திருக்கும்போது, ஆள் பார்த்துக்கொண்டிருக்க, குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்ட வேண்டும். தலைமாட்டை மாற்றி மாற்றிப் படுக்க வைக்கலாம். குழந்தை திரும்பாத பக்கத்திலிருந்து பேசலாம்.

ஹெல்மெட்டுக்கு வருவோம். அமெரிக்காவில் 1998 முதல் அரசு அனுமதி பெற்று விற்கப்படும் இதை, நாளுக்கு 23 மணி நேரம் சில மாதங்கள் அணிவிக்க வேண்டும். பிரிட்டனில் ஏறக்குறைய 2,000 பவுண்டு ஆகும். அரசு மருத்துவத் திட்டத்தில் பொதுவாகக் கிடைப்பதில்லை. இவ்வளவு பணத்துக்குப் பலன் என்ன? நெதர்லாந்தில் 84 குழந்தைகளைக் கொண்டு செய்த ஆய்வின் முடிவு 2014-இல் வெளிவந்தது. இரண்டு வயதில் முழுமையாய்ச் சரியானவர்கள் ஹெல்மெட் அணிந்த 39 பேரில் 10; அணியாத 40 பேரில் 9. ஹெல்மெட் அணிந்தவர்களில் ஏறக்குறைய எல்லாருக்கும் தோல் எரிச்சல் வேறு. மிகக் கடுமையான தட்டையுள்ளவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை என்பதையும் நேர்மையாய்ச் சொல்ல வேண்டும். பயிற்சிகளுக்குப் பின்னும் கடுமையாய் நீடித்தால் ஹெல்மெட்டுக்கு இடமுண்டு என்றே 2016 வழிகாட்டுதல் கூறுகிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் 200 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தபோது, நான்கு மாதத்தில் ஏறக்குறைய 20 சதவீதமாயிருந்த தட்டைத்தலை, இரண்டு வயதில் 3.3 சதவீதமாய்க் குறைந்திருந்தது.

ஆகவே காணிக்கை அனுப்ப விரும்புவோருக்கு என் பதில்: ஹெல்மெட் வாங்க வேண்டாம். ஒரு பிசியோதெரபிஸ்டின் சம்பளத்துக்கும், மூடிய இணைப்புள்ள குழந்தை நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் வழிச்செலவுக்கும் கொடுங்கள். அங்கேதான் பணமில்லாமல் சிகிச்சை நின்றுபோகிறது.

ஒரு வார்த்தை பாட்டிமாருக்கு. தலை உருண்டையாக வேண்டுமென்று கடுகு நிரப்பித் தைக்கும் சிறு தலையணை நம் வீடுகளில் பழக்கம். அன்பில் குறையில்லை; ஆனாலும் தூங்கும் சிசுவின் அருகே எந்தத் தலையணையும் மூச்சை அடைக்கக்கூடும். கடைகளில் விற்கும் தலையை உருண்டையாக்கும் தலையணைகளையும் பயன்படுத்த வேண்டாமென்று 2022-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது.

6, 10, 14 வாரத் தடுப்பூசிக்கு எப்படியும் குழந்தையைக் கொண்டுவருகிறீர்கள். அப்போதே தலையை மேலிருந்து பார்க்கும்படி டாக்டரிடம் கேளுங்கள். தனிக் கட்டணம் கிடையாது.