துடிப்பு நடுங்கினால் நேரம் தவறும்

நம்ம ஹாஸ்டலில் பத்து கைக்கடிகாரம் பத்து நேரம் காட்டினாலும் யாருக்கும் நஷ்டமில்லை. செல்போன் கோபுரங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒரே அலைவரிசையில் மாறி மாறி அனுப்பிப் பெறும் டி.டி.டி. முறையில், கோபுரத்தின் நேரம் பொது நேரத்திலிருந்து 1.5 மைக்ரோ செகண்டுக்கு மேல் விலகக் கூடாது. விலகினால் ஒன்று கேட்கும் நேரத்தில் மற்றது பேசும், அழைப்பு கெடும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 பி.பி.எம். பிழையுள்ள சாதாரணக் குவார்ட்ஸ் படிகம் ஒரு செகண்டில் 20 மைக்ரோ செகண்ட் விலகும். அதாவது 75 மில்லி செகண்டிலேயே எல்லை தாண்டிவிடும்! ஒரு நாளில் 1.728 செகண்ட்.

இதற்கு மருந்து இரண்டு. ஒன்று, 2002-ல் வந்த ஐ.இ.இ.இ. 1588 நெறிமுறை. செய்தி வந்த நேரத்தை மென்பொருளில் குறித்தால் இன்டரப்ட் தாமதம் சேரும். எனவே போர்ட்டிலேயே வன்பொருள் முத்திரை குத்துகிறது. 125 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கில் ஒரு துடிப்பு 8 நானோ செகண்ட்.

இரண்டு, ஓ.சி.எக்ஸ்.ஓ. வெப்பம் மாறினால் படிகத்தின் அதிர்வெண் மாறும். ஆகவே படிகத்தைச் சிறு அடுப்புக்குள் வைத்து ஒரே சூட்டில் காக்கிறார்கள்.

துடிப்பின் விளிம்பு முன்னே பின்னே வருவதுதான் ஜிட்டர். பி.எல்.எல்.-இன் லூப் பேண்ட்வித்தைக் குறுக்கினால் நெட்வொர்க்கிலிருந்து வரும் நடுக்கம் வடிகட்டப்படும். ஆனால் ஆசிலேட்டரின் சொந்த நடுக்கம் அப்படியே வெளியே வரும். அதனால்தான் நல்ல ஆசிலேட்டருக்கு அவ்வளவு விலை!

நண்பர்களே, ப்ராஜெக்ட் போர்டு போடும்போது ஆசிலேட்டருக்குத் தனி ரெகுலேட்டர் கொடுங்கள். டீகப்ளிங் கபாசிட்டரைப் பின்னுக்கு ஒட்டியே வையுங்கள். சப்ளை இரைச்சலும் ஜிட்டராகத்தான் மாறும் என்பதே நான் சொல்ல விரும்புவது.