மாதப் பாடம்: ஏரியைச் சுத்தம் செய்யும் மிதக்கும் செடிப்படுகை



இந்த மாதப் பாடம் மழைத் தண்ணியைப் பற்றியது. குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேளுங்கள். கடைசியில் உள்ள கேள்விகளைப் பேசி முடிவெடுங்கள்.

1. நம்ம தெருவில் பெய்யும் மழை எங்கே போகிறது?

தாம்பரம் சுற்றுவட்டார ஏரிகள் சங்கிலி மாதிரி ஒன்றோடொன்று தொடர்புள்ளவை. சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் செம்பாக்கம் ஏரிக்குப் போகும். அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போகும். 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்து உலக அளவில் அங்கீகாரம் பெற்ற இடம் அது. ஆக, நம்ம தெருவில் கொட்டும் அழுக்கு நம்ம தெருவோடு நின்றுவிடுவதில்லை.

மழை பெய்யும்போது சாலையில் கிடக்கும் வண்டி ஆயில், டயர்த் தூள், மண், நாய் மாட்டுக் கழிவு எல்லாம் வடிகால் வழியாக ஏரிக்கு வருகிறது. பல நாள் வெயிலுக்குப் பிறகு பெய்யும் முதல் மழையில்தான் அழுக்கு அதிகம். ஏரித் தண்ணிதான் நிலத்தில் இறங்கி நம் கிணற்றுக்கும் போருக்கும் ஊறுகிறது என்பதை மறக்கக் கூடாது.

2. மிதக்கும் செடிப்படுகை என்றால் என்ன?

மூங்கில் அல்லது பிவிசி குழாயில் தெப்பம் கட்டி, அதன்மேல் தென்னை நார்ப் பாய் அல்லது கோணிச் சாக்கு விரித்து, செடி நடுவார்கள். கல்வாழை, வெட்டிவேர், சம்பு, கோரை போன்றவை இதற்கு ஏற்றவை. செடி மேலே வளரும், வேர் தண்ணிக்குள் தொங்கும்.

வேலை செய்வது அந்த வேர்தான். வேரைத் தொட்டால் வழவழப்பாக இருக்கும். அதில் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் குடியிருக்கின்றன. அவை தண்ணியில் உள்ள அழுக்கைச் சிதைக்கின்றன. மிதக்கும் மண்தூள் வேரில் ஒட்டி, பிறகு அடியில் படிகிறது. சோப்பு, சாக்கடையில் இருந்து வரும் பாஸ்பரஸ், நைட்ரஜன் சத்தைச் செடி உரமாக எடுத்துக்கொள்கிறது. தெப்பம் என்பதால் ஐப்பசி கார்த்திகையில் தண்ணி ஏறினாலும் கூடவே ஏறும், மூழ்காது. கட்டும் கயிற்றை மட்டும் தளர்வாக விட வேண்டும்.

3. "ஏரி முழுக்க ஏற்கனவே செடிதானே மிதக்குது?"

நியாயமான கேள்வி. ஆனால் ஆகாயத்தாமரை வேறு, இது வேறு. ஆகாயத்தாமரையும் அழுக்கை உறிஞ்சும். ஆனால் கட்டுப்பாடு இல்லாமல் பரவி ஏரியையே மூடிவிடும். வெயிலும் காற்றும் உள்ளே போகாது, மீன் சாகும், கொசு பெருகும். செத்து அழுகினால் உறிஞ்சிய அழுக்கெல்லாம் திரும்பத் தண்ணிக்கே போகும். செடிப்படுகை நாம் வைத்த இடத்தில், வைத்த அளவில் நிற்கும். வேண்டும்போது கரைக்கு இழுத்து வெட்டலாம்.

4. எங்கே செய்திருக்கிறார்கள்?

ஹைதராபாத் நெக்னாம்பூர் ஏரியில் 2018 பிப்ரவரி 2, உலக ஈரநில தினத்தன்று, துருவன்ஷ் என்ற தொண்டு நிறுவனம் அரசுத் துறைகளோடு சேர்ந்து சுமார் 3,000 சதுர அடியில் ஒரு படுகையை மிதக்கவிட்டது. மூங்கில், தெர்மாகோல், கோணி, ஜல்லி என்று நான்கு அடுக்கு. சுமார் 3,500 செடிகள். நம்ம பக்கத்திலேயே செம்பாக்கம் ஏரியில் நேச்சர் கன்சர்வன்சி, கேர் எர்த் டிரஸ்ட், ஐஐடி மெட்ராஸ் சேர்ந்து சீரமைப்பு வேலை செய்திருக்கிறார்கள்.

5. கவனிக்க வேண்டியவை

• சாக்கடைக் குழாயை நிறுத்தாமல் படுகை மட்டும் போட்டால் பலன் இல்லை. குப்பை, சாக்கடையைத் தடுப்பது முதல் வேலை. மிச்ச அழுக்குக்குத்தான் செடி.
• வளர்ந்த செடியை அவ்வப்போது வெட்டி வெளியே எடுக்க வேண்டும். வெட்டாமல் விட்டால் ஆகாயத்தாமரை கதைதான்.
• வெட்டியதை ஆடு மாட்டுக்குப் போடாதீர்கள். அதில் ஈயம் போன்ற உலோகம் சேர்ந்திருக்கலாம். அந்த வெட்டிவேரைத் தண்ணிப் பானைக்கு என்று விற்கவும் கூடாது.
• தெர்மாகோல் நாளாக ஆக உதிர்ந்து அதுவே குப்பையாகும். இரு பக்கமும் மூடிய பிவிசி குழாய் மேல்.
• கோடையில் தண்ணி வற்றினால் வேர் சேற்றில் பிடித்துக்கொள்ளும். மறுபடி தண்ணி ஏறும்போது தெப்பம் எழும்பாது. ஆழமான இடம் பார்த்து விட வேண்டும்.

6. இதில் நம் பங்கு என்ன?

படுகை போடும் நாளில் போட்டோ எடுக்க நிறையப் பேர் வருவார்கள். ஆறு மாதம் கழித்துச் செடி வெட்ட யார் வருவார்கள்? அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் படுகை காய்ந்து குப்பையாகிறது. பராமரிப்பைக் குழுக்கள் எடுத்துச் செய்யலாம். நார்ப்பாய் பின்னுவது, நாற்று வளர்ப்பது, வெட்டுவது எல்லாம் நமக்குத் தெரிந்த வேலைதான். ஆனால் "சேவை" என்று சொல்லி பெண்கள் தலையில் இலவசமாகக் கட்டக் கூடாது. கூலி எவ்வளவு, எத்தனை வருடத்துக்கு, கையுறை, பூட்ஸ், மிதவைச் சட்டை யார் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

கூட்டத்தில் பேச:

1. நம் பகுதி ஏரிக்குள் எத்தனை இடத்தில் சாக்கடை விழுகிறது? மழை இல்லாத நாளில் நான்கு பேர் போய்ப் பார்த்துக் குறித்து வாருங்கள். மழை இல்லாதபோதும் வடிகாலில் தண்ணி ஓடினால் அது சாக்கடை.
2. அந்த ஏரி தாம்பரம் மாநகராட்சியின் பொறுப்பா, நீர்வளத்துறையின் பொறுப்பா? வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள்.
3. பராமரிப்பு வேலை வந்தால் நம் குழு என்ன கூலி, என்ன பாதுகாப்பு கேட்கும்?

பதில்களைத் தீர்மான நோட்டில் எழுதி, கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். எல்லாக் குழுவின் குறிப்பையும் சேர்த்து ஒரே மனுவாகக் கொடுப்போம். பத்துக் குழு சேர்ந்து கொடுக்கும் மனுவை ஓரமாக வைப்பது அவ்வளவு சுலபம் இல்லை.