விதிக்கு மதிப்பெண் போட முடியுமா?

கேள்வி: நான் எம்.எஸ்சி. நர்ஸிங் படிக்கிறேன். அமெரிக்காவில் குடியேறிய சீனப் பெண்கள் மேமோகிராம் எடுக்க ஏன் தயங்குகிறார்கள் என்று அறிய, அவர்களுடைய பண்பாட்டு நம்பிக்கைகளை ஒரு கேள்வித்தாளால் அளந்து மதிப்பெண் போட்டார்கள் என்று வகுப்பில் படித்தோம். விதி, உடம்புச் சூடு, மூலிகைக் கஷாயம் இதையெல்லாம் எப்படி எண்ணாக்க முடியும்? அப்படியே முடிந்தாலும், பழியை அந்தப் பெண்கள் தலையிலேயே போட்ட மாதிரி ஆகிவிடாதா? இதே கேள்வித்தாளை என் ஆய்வுக்குத் தமிழில் எடுத்துக்கொள்ளலாமா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: எண்ணாக்க முடியும். ஆனால் அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

நீங்கள் படித்தது வாஷிங்டன் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்த வேலையாக இருக்க வேண்டும். அவர்கள் எடுத்த எடுப்பிலேயே கேள்வித்தாளோடு போய் நிற்கவில்லை. வயதான சீனப் பெண்களைச் சிறு சிறு குழுவாக உட்காரவைத்துப் பேசவிட்டார்கள். அதை 2004இல் வெளியிட்டார்கள். அந்த உரையாடல்களில் திரும்பத் திரும்ப வந்தவை நமக்குப் புதிதல்ல. சாப்பாடு, தூக்கம், நடை ஒழுங்காக இருந்தால் நோய் அண்டாது. உடம்பில் சூடும் குளிர்ச்சியும் சமமாக இருக்க வேண்டும். மூலிகை மெதுவாக வேலை செய்தாலும் உடம்பைக் கெடுக்காது. புற்றுநோய் வருவது அவரவர் விதி. இந்தப் பேச்சிலிருந்து வாக்கியங்களை உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் 'முழுக்க ஒப்புக்கொள்கிறேன்' முதல் 'கொஞ்சமும் ஒப்புக்கொள்ளவில்லை' வரை கட்டம் வைப்பார்கள். ரென்சிஸ் லிக்கர்ட் 1932இல் சொன்ன முறைதான். பிறகு நூற்றுக்கணக்கானவர்களிடம் கேட்டு, எந்த வாக்கியங்கள் ஒன்றாகச் சேர்ந்து நகர்கின்றன என்று புள்ளியியலில் பார்த்து, ஒட்டாதவற்றை நீக்குவார்கள். வாக்கியங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கிரான்பாக் ஆல்ஃபா 0.7க்கு மேல் இருந்தால் பரவாயில்லை என்பது வழக்கம். அந்த எண் நன்றாக வந்துவிட்டாலே அளவுகோல் சரி என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே தப்பை எல்லா வாக்கியத்திலும் சீராகச் செய்தாலும் ஆல்ஃபா அழகாகத்தான் வரும்.

தப்பு எங்கே நுழைகிறது என்று பாருங்கள். எழுபது வயதுப் பெண்மணி ஒருவர். பேட்டி எடுப்பவர் வாசிக்கிறார்: "புற்றுநோய் வரவேண்டும் என்றிருந்தால் வந்தே தீரும்." அம்மாள் தலையாட்டுகிறார். விதி நம்பிக்கைக்கு முழு மதிப்பெண். ஆனால் இதே அம்மாள்தான் காலையில் பூங்காவில் உடற்பயிற்சி செய்துவிட்டு, நோய் வராமலிருக்க மூலிகை போட்டு சூப் வைத்திருப்பவர். வாயால் விதி என்பார், கையால் தடுப்பு வேலை செய்வார். இரண்டுக்கும் நடுவே அவருக்கு முரண்பாடே தெரியாது. போதாததற்கு, பக்கத்தில் மகள் மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்தால், மார்பகத்தைப் பற்றிய கேள்விக்கு வேறு பதில்தான் வரும். கேட்பவர் மனம் கோணக் கூடாதென்று எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' போடுபவர்களும் உண்டு. நடுக்கட்டத்திலேயே நின்றுகொள்பவர்களும் உண்டு. அதனால்தான் நேரான வாக்கியங்களோடு எதிர்மறையானவற்றையும் கலந்து வைப்பார்கள்.

என்னைக் கேட்டால், விதியைவிட முக்கியமான வாக்கியம் இன்னொன்று: "உடம்பு நன்றாக இருக்கும்போது டாக்டரிடம் போகத் தேவையில்லை." புற்றுநோய்ப் பரிசோதனை என்பதே நோய் தெரியாதபோது போவதுதானே! விதி கேட்கச் சுவையாக இருப்பதால் ஆய்வாளர்கள் அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். உண்மையில் குறுக்கே நிற்பது பெரும்பாலும் இதுதான்.

இனி பழி. அதே குழுவினர் வாஷிங்டன் வட்டாரத்தில் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், சீனப் பாரம்பரிய நோக்கு அதிகமுள்ளவர்களும் ஆங்கிலம் குறைவாகத் தெரிந்தவர்களும் மேமோகிராம் எடுப்பது குறைவு என்று தெரிந்தது. இதை வைத்துப் 'பண்பாடுதான் தடை' என்று தீர்ப்பு எழுதுவது அவசரம். ஆங்கிலம் தெரியாதவருக்குக் காப்பீடும் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரும் இல்லாமல் இருக்கலாம். இதைவிடச் சிக்கலானது ஒன்று. போகாததால் அந்த நம்பிக்கையா, நம்பிக்கையால் போகவில்லையா? பத்து வருஷமாக யாரும் கூப்பிடாத பெண், "எனக்கு அது தேவையில்லை" என்று சொல்வது வெறும் சமாதானமாகவும் இருக்கலாம். ஒரே ஒருமுறை எடுக்கும் கணக்கெடுப்பால் இதைப் பிரித்துச் சொல்ல முடியாது.

பரிசோதனை எளிதாகக் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தைவானைப் பாருங்கள். அங்கே 1995இல் முப்பது வயது தாண்டிய பெண்களுக்கு ஆண்டுதோறும் இலவசமாகப் பாப் பரிசோதனை கொண்டுவந்தார்கள். பெண்கள் போனார்கள், கருப்பைவாய்ப் புற்றுநோயும் வெகுவாகக் குறைந்தது. அந்தப் பாட்டிகளுக்கும் சூடு, குளிர்ச்சி, விதி எல்லாம் உண்டு. சீனாவிலும் 2009 முதல் கிராமப் பெண்களுக்கு மார்பகம், கருப்பைவாய் இரண்டுக்கும் அரசுப் பரிசோதனைத் திட்டம் இருக்கிறது.

அதற்காக நம்பிக்கையை அளப்பதே வீண் என்று சொல்லவில்லை. எந்தப் பயத்துக்குப் பதில் சொல்வது என்று அதுதான் காட்டும். ஆனால் அளவோடு எதிர்பாருங்கள். சீன அமெரிக்கப் பெண்களுக்காகவே அவர்கள் பண்பாட்டுக்கு ஏற்ப எடுத்த ஒரு வீடியோவையும், பொதுவான வீடியோவையும் சோதித்த ஆய்வு 2012இல் வந்தது. மேமோகிராம் எடுத்தவர்கள் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை.

உங்கள் ஆய்வுக்கு: தமிழில் பெயர்த்து அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். சூடு, குளிர்ச்சி இரண்டு ஊரிலும் இருந்தாலும், எது சூடு, எதனால் கெடுதல் என்பதெல்லாம் வேறு. முதலில் நம் பெண்களைப் பேசவிடுங்கள். பிறகு நம்பிக்கைக் கேள்விகளுக்குப் பக்கத்திலேயே நான்கு கேள்விகளையும் சேருங்கள்: டாக்டரோ நர்ஸோ உங்களிடம் இந்தப் பரிசோதனையைப் பற்றி எப்போதாவது சொன்னார்களா? எங்கே எடுப்பது என்று தெரியுமா? எவ்வளவு செலவாகும்? அன்றைக்குக் கூலி போகுமா? இவற்றைக் கேட்காமல் விதிக்கு மட்டும் மதிப்பெண் போட்டிருந்தால், வழிகாட்டியிடம் நீங்கள் காட்டும் முன்பே நான் அந்தத் தாளைத் திருப்பி அனுப்பியிருப்பேன். சோதனைப் பேட்டியின்போது, கூட வந்த மருமகளைத் தயவுசெய்து வெளியே உட்காரச் சொல்லுங்கள்.